செல்லக்கண்ணு வீட்டு வாசல் பலகை

ஓவேலிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கடைசி வீடு செல்லக்கண்ணுவுடையது. வாசற்படிகளின் மேல் ஒரு கனத்த பலகை சாய்த்துப் போட்டிருக்கும். அவளுடைய சக்கர நாற்காலி இறங்கி ஏறுவதற்கான பலகை. அதன் நான்கு மூலையிலும் ஆணி ஓட்டைகள் இருக்கின்றன. மரத்தூள் மக்கு வைத்து அடைத்துத் தருகிறேன் என்று தச்சன் ஆறுச்சாமி இரண்டு மூன்று தடவை வந்து கேட்டுவிட்டான். அவள் விடவில்லை. "இருக்கட்டும். பாத்துப் பாத்து ஏறுங்க" என்றுதான் சொன்னாள்.

அந்தப் பலகையைச் செய்ததும் ஆறுச்சாமிதான். மழைக்காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை அறுத்து, சிராய் இல்லாமல் இழைத்து, எஸ்டேட் வேலை முடிந்த பிறகு தன் நேரத்தில் செய்து கொடுத்தான். "இதுல ஆனையே ஏறலாம் கண்ணு" என்றான். "ஆனை அப்புறம் ஏறட்டும், மொதல்ல நான் எறங்கிக்கறேன்" என்றாள் அவள். லைனே நின்று பார்த்தது. அன்றைக்கு அவள் தானாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு குழாயடிவரை போய், அங்கே குடம் வைத்திருந்த பெண்களிடம் வேண்டுமென்றே ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாள். அத்தனை வருஷம் வீட்டுக்குள் இருந்து கத்தியே சண்டை போட்டவளுக்கு அது பெரிய விஷயம்.

கொரோனா வந்த வருஷம் ஆடி மாசத்தில், அதே ஆறுச்சாமி அந்தப் பலகையைப் படியிலிருந்து பெயர்த்து, அவள் கதவுக்குக் குறுக்கே நிறுத்தி ஆணி அடித்தான். அவள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் கேட்டாள்.

செல்லக்கண்ணு பிறக்கும்போது நன்றாகத்தான் பிறந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம் ஏறிப் போனவள், எட்டாம் வகுப்பில் சமதரையிலேயே விழ ஆரம்பித்தாள். உட்கார்ந்தால் தொடையில் கையூன்றித்தான் எழுந்தாள். சோம்பேறி என்றார் வாத்தியார். வாதம் என்று ஒருவர் எண்ணெய் கொடுத்தார். கண் பட்டது என்று ஒரு பூசாரி சேவல் கேட்டார். கோயமுத்தூரில் தொடைச் சதையைத் துளி வெட்டி எடுத்துப் பார்த்துத்தான் தசைச் சிதைவு என்று பெயர் சொன்னார்கள். தொடையும் தோளும் முதலில் போகும், மூச்சுத் தசையும் மெல்ல மெல்ல இளைக்கும், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்து கிடையாது என்றார் டாக்டர். வருஷத்தில் பாதி மழை பெய்கிற ஊரில் சளி பிடிக்காமல் இருப்பது எப்படி என்று அவள் கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்பா சுடலைமுத்து அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். தம்பி திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது அம்மா ஆயம்மாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் புடவை நனையாமல் இடுப்பில் சுற்றும் முரட்டுச் சாக்குக்குப் படங்கு என்று பெயர். அந்தப் படங்கை மகளின் முதுகைச் சுற்றி, அக்குளுக்கு அடியில் விட்டு, இரு முனையையும் தன் இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, ஆயம்மாள் பின்னால் சாய்வாள். அவள் சாயச் சாய மகள் எழுவாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஓட்டை போட்ட மர ஸ்டூலுக்கு, திரும்பக் கட்டிலுக்கு. கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கழன்றுவிடும் என்பதால் இந்த வழியை அம்மாவும் மகளும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ஆயம்மாள் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருக்கும் நேரத்தில், மதியச் சோற்றுக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் அதே படங்கை வைத்து ஒரு தடவை தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போவாள். பல வருஷமாக நடந்த பழக்கம். தூக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதும் பழக்கம்தான்.

"என்னடி தின்னே, மூட்டை மாதிரி கனக்கறே?"

"நீ எடை போடற எடத்துல திருடுறியே, அந்தக் கொழுந்தத்தான் தின்னேன்."

செல்லக்கண்ணுவின் விரல்களில் மட்டும் பலம் போகவில்லை. மோட்டார் வைத்த தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டு, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தைப்பாள். லைனில் ரவிக்கை எல்லாம் அவள் தைத்ததுதான்.

ஊரடங்கு வந்தது. கூடலூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்து அவள் காலை நீட்டி மடக்கிவிடுகிற பிசியோதெரபி பெண்ணின் வேன் முதலில் நின்றது. அவசர சிகிச்சை இல்லை என்று அதை நிறுத்திவிட்டார்களாம். மழை தொடங்குவதற்குள் செல்லக்கண்ணுவின் முழங்கால்கள் மடங்கினபடியே இறுகிப்போயின. படங்கைப் பிடித்து நிற்கும்போது பாதம் முழுதாகத் தரையில் பதியவில்லை. அம்மாவின் இடுப்பில் பாரம் கூடியது. கோயமுத்தூர் டாக்டரிடம் போக இ-பாஸ் கேட்டால், சாவு, கல்யாணம், அவசர சிகிச்சை மூன்றுக்குத்தான் என்றது செல்போன். "மெதுவாச் சாகறதுக்கு அந்த லிஸ்டுல எடமில்லம்மா" என்றாள் செல்லக்கண்ணு.

தேயிலைக்கு ஊரடங்கு இல்லை. கொழுந்து முற்றிவிடும் என்று சீக்கிரமே மஸ்டர் போட்டு, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும் என்று உத்தரவு. கடையிலோ கவசம் கிடையாது. மேஸ்திரி ஒச்சப்பன் செல்லக்கண்ணுவிடம்தான் வந்து நின்றார். பழைய புடவை, ஜன்னல் திரை, ஆறுச்சாமியின் கிழிந்த வேட்டி என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி அவள் லைன் முழுவதற்கும் தைத்துக் கொடுத்தாள். முதுகு வளைந்து மூச்சு முட்டும்வரை தைத்தாள். பாப்பம்மாளின் கவசம், நீலப்பூ போட்ட திரைத்துணியில் தைத்தது.

அந்தக் கவசங்களோடுதான் வைகாசியில் லைனில் இறந்துபோன இசக்கிமுத்துத் தாத்தாவைத் தூக்கிப் போனார்கள். சாவு விழுந்தால் அந்த லைனில் ஒரு முறை உண்டு. மஸ்டர் மேட்டில் தொங்கும் தண்டவாளத் துண்டில், இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு என்று அடிப்பார்கள். அது கேட்டால், அடுப்பில் என்ன கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும். மானேஜரே வந்து கத்தினாலும் அன்றைக்கு வேலை கிடையாது. இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று போலீஸ் சொல்லியும், தாத்தாவுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வரத்தான் செய்தார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். செல்லக்கண்ணு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் லைனில் சளி எடுத்துப் பார்த்தார்கள். ஆயம்மாளுக்கு இருக்கிறது என்று வந்தது. மகளுக்கு இல்லை. அடுத்த நாள் காலையிலேயே ஆம்புலன்ஸ் வந்தது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் கருணாகரன் கோயமுத்தூர்க்காரர். மரியாதையாகத்தான் பேசினார். மழைக்கோட்டு மாதிரி வெள்ளை உடுப்புக்குள் வேர்த்துக்கொண்டு, வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"ஏனுங்கம்மா, பயப்படாதீங்க. கொஞ்ச நாள்தானுங்க. கூடலூர்ல ஹாஸ்டல்லதான் வெச்சிருக்கோம். மூணு வேளை சாப்பாடு, முட்டை, கபசுரக் குடிநீர்…"

"முட்டை கெடக்கட்டுமுங்க. இவளை யாரு தூக்குவா?" என்றாள் ஆயம்மாள்.

அவர் அப்போதுதான் உள்ளே பார்த்தார். "சொந்தக்காரங்க யாராச்சும்…"

"தம்பி திருப்பூர்ல இருக்கான். பாஸ் நீங்க வாங்கித் தர்றீங்களா?" என்றாள் செல்லக்கண்ணு. "இல்லீன்னா அம்மாவை இங்கயே விட்ருங்க. ரெண்டு பேரையும் சேத்து வெச்சுப் பூட்டிக்கங்க."

"ஒரே ரூமுங்க. கக்கூசு பொது. வீட்ல வெக்கக்கூடாதுன்னு ரூல்ஸ்."

"அப்ப என்னையும் ஏத்திட்டுப் போங்க."

"உங்களுக்கு நெகட்டிவுங்க. நோயாளிங்க நடுவுல உங்களக் கொண்டுபோய் வெச்சா என் வேலை போயிரும்."

"நேத்து ராத்திரி வரைக்கும் அம்மா மேல சாஞ்சுதான் எந்திரிச்சேன். அம்மா மூச்சு என் மூஞ்சியிலதான் விழுந்துச்சு. அதுக்கென்ன ரூல்ஸ்?"

"புரியுதுங்க…"

"என்ன புரியுது? தள்ளி நில்லுங்கறீங்க. தள்ளி நின்னா நான் எப்படிங்க நிக்கறது?"

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். நல்ல மனுஷன்தான் என்று ஆயம்மாள் பிறகு பலமுறை சொன்னாள். செல்லக்கண்ணுவுக்கு அதில் சந்தேகமில்லை. நல்ல மனுஷர்கள் எல்லாரும் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் அவள் கோபம்.

ஆயம்மாள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். பாப்பம்மாள் கதவை அரையாகத் திறந்தாள். "அக்கா, நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்? எங்க ஊட்டுக்காரரு நெஞ்சுதான் உனக்குத் தெரியுமே. பேக்டரித் தூசி தின்ன நெஞ்சு. நான் கொண்டுவந்து ஒட்ட வெச்சா அந்தாளு தாங்குவாரா?" என்றாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆயம்மாள் மகளைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, கழுவி, திரும்ப நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். படங்கை நாற்காலியின் முதுகில் மாட்டினாள். "யாராச்சும் வருவாங்க கண்ணு. வந்தா இத வெச்சுத் தூக்கச் சொல்லு. கையப் பிடிச்சு இழுக்க உடாத" என்றாள். ஆம்புலன்ஸ் படியில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டாள்.

தொற்று வந்த வீடு என்று அடைக்கப் பஞ்சாயத்து ஆட்கள் தகரம் கொண்டு வந்தார்கள். கதவையும் ஜன்னலின் கீழ்ப் பாதியையும் சேர்த்து மறைத்து அடித்தார்கள். மேலே குறுக்குக்கட்டை அடிக்க மூங்கில் இல்லை. கொண்டு வந்தது மேல் லைனிலேயே தீர்ந்துவிட்டது. உதவிக்கு வந்த ஆறுச்சாமி சுற்றும் முற்றும் பார்த்தான். காலடியில் நல்ல பலகை கிடந்தது. தான் இழைத்த பலகை. கனம், நீளம், எல்லாம் கச்சிதம். கெட்ட எண்ணமில்லை. யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். தச்சனுக்கு மரம் கண்ணில் பட்டது, ஆள் படவில்லை.

லைன் ஆட்கள் சோற்றைச் சட்டியில் போட்டு, தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கிற நீளக் கம்பின் நுனியில் மாட்டி ஜன்னலுக்குள் நீட்டினார்கள். அவள் சோற்றில் கை வைத்தாள். தண்ணீரைத் தொடவில்லை. குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் தூக்க வேண்டும்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். முதலில் இருமல் சத்தம், பிறகு, ஒருவருக்கொருவர் இடைவெளி விடுங்கள் என்று பதிவு செய்த ஒரு பெண் குரல். பின்னும் நெடுநேரம் கழித்து ஒரு பையன் எடுத்தான்.

"காய்ச்சல் இருக்குங்களா மேடம்?"

"இல்ல."

"சளி, இருமல்?"

"இல்ல. என்னைத் தூக்க ஆளில்ல."

"மூச்சுத் திணறல்?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல வரும்."

"வந்ததும் கூப்பிடுங்க மேடம். அதுவரைக்கும் வீட்டிலேயே பாதுகாப்பா இருங்க."

மதியம் கழிந்ததும் இடுப்பு சரிய ஆரம்பித்தது. சரிந்தால் தானாக நிமிர்ந்து உட்கார அவளால் முடியாது. முதுகு வளைய வளைய வயிறு மேலேறி நெஞ்சை அமுக்கியது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. இன்னும் ஒரு சாண் சரிந்தால் மோவாய் நெஞ்சில் புதையும், அதற்குப் பிறகு மூச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முழங்கையை மெஷின் மேஜையில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு தொங்கினாள்.

கொழுந்து எடை போட்டுவிட்டுப் பெண்கள் ஜன்னலைக் கடந்து போனார்கள். பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். "கனகமணி! இங்க பாரு!" கனகமணி பார்த்தாள், கண் கலங்கினாள், நடையை எட்டிப் போட்டாள். "சாமி உன்னப் பாத்துக்கும் கண்ணு" என்றாள் இன்னொருத்தி. எல்லார் முகத்திலும் அவள் தைத்த துணி. தான் போட்ட தையல் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவள் கத்திரிக்கோலை எடுத்தாள். துணி வெட்டும் பெரிய இரும்புக் கத்திரிக்கோல். மேஜையில் ஊன்றிய கையை அசைத்து அதன் பிடியால் ஜன்னல் தகரத்தில் தட்டினாள். இரண்டு தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு. நிறுத்தம்.

புதுத் தகரம். மழை ஓய்ந்த நேரம். சத்தம் லைன் முழுக்கப் போனது.

கதவுகள் திறந்தன. யாரு, யாரு என்று குரல்கள். தண்டவாளத்தை அடிக்காமல் இது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தத் தட்டுக்குக் கால் தன்னால் வந்துவிடும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒச்சப்பன் ஓடி வந்தார். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நின்றது, இடைவெளி விடாமல், தோளோடு தோள் இடித்து. பாப்பம்மாள் நெஞ்சில் அறைந்துகொண்டே வந்தாள், "ஐயோ, போயிட்டாளா" என்று. ஜன்னலில் செல்லக்கண்ணு முகத்தைப் பார்த்ததும் அறைந்த கை அப்படியே நின்றது.

"யாருடி செத்தது?" என்றார் ஒச்சப்பன்.

"நான்தான்."

"சாவுத் தட்டை வெச்சு வெளையாடுறியா? லைனுக்கே ஆகாதுடி!"

"ஆகாதுன்னா…" அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு பொணம் விழணும்ல? பொறுங்க மேஸ்திரி. இருட்டறதுக்குள்ள விழுந்துரும். அப்புறம் முறையா நீங்களே தட்டுங்க. எல்லாரும் வந்து தூக்குவீங்க. தாத்தாவத் தூக்கலியா? செத்தாத் தூக்கற கை, இருக்கறவளத் தூக்க வராதா?"

"தாத்தா வாயாடலியே" என்று கூட்டத்தில் யாரோ முனகினார்கள்.

"நானும் வாய மூடிக்கட்டுமா? அப்பத் தூக்குவீங்களா?"

அவள் முழங்கையை மேஜையில் இன்னும் இறுக்கி மாட்டிக்கொண்டாள்.

"மொத்தப் பேரு மூஞ்சியிலயும் நான் தெச்ச துணி. காலையில இருந்து அதுலதான் மூச்சு விடறீங்க. அது ஒட்டல, நான் ஒட்டிக்குவேனா? எனக்கு இல்லேன்னுதான சொல்லிட்டுப் போயிருக்காங்க? உங்கள்ல யாருக்கு இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? என் நெஞ்சுக்கு ஒரு சளி போதும். பயப்பட வேண்டியது நான்!"

ஆறுச்சாமி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். இப்போதுதான் அது என்ன பலகை என்று பார்க்கிற மாதிரி இருந்தது. "கண்ணு… அந்நேரத்துக்கு வேற கட்டை கெடைக்கல" என்றான்.

"உங்க ஊட்டுக் கதவு இருந்துச்சுல்ல? அதப் பிடுங்கி அடிச்சிருக்கலாமே!"

அவன் திரும்பிப் போனான். கடப்பாரையோடு வந்தான்.

"டேய், பஞ்சாயத்துல கேசு போட்ருவாங்கடா" என்றார் ஒச்சப்பன்.

"அடிச்சவன் நாந்தானுங்க. பேரு கேட்டா என் பேரச் சொல்லுங்க" என்று சொல்லி, பலகைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். ஆணிகள் கிறீச்சிட்டுக் கழன்றன. பலகையைப் படிமேல் பழையபடி போட்டான். ஆள் நுழையும் அளவுக்குத் தகரத்தை ஒதுக்கினான்.

யார் நுழைவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாப்பம்மாள் எதுவும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்றுதான் செல்லக்கண்ணு நினைத்தாள். ஆனால் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையிலும் பாலிதீன் பையை மாட்டி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். கனகமணியையும் தோளைப் பிடித்து இழுத்து வந்தாள்.

படங்கை முதுகுக்குப் பின்னால் விட்டார்கள். பாலிதீனில் பிடி வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. பாப்பம்மாள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, பல்லால் கயிற்றைக் கடித்து அவிழ்த்து, பைகளை மூலையில் எறிந்தாள். வெறுங்கையால் பிடித்தாள். சாய்ந்தாள். செல்லக்கண்ணு எழுந்தாள். நெஞ்சு விரிந்து மூச்சு முழுசாக உள்ளே போனது.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஏதாச்சும் ஆச்சு, உன்னைச் சும்மா விட மாட்டேன்டி" என்றாள் பாப்பம்மாள், காதுக்குப் பக்கத்தில்.

"வந்து கேளு. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்."

ஸ்டூலில் வைத்தார்கள். கழுவிவிட்டார்கள். கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இறுகிய முழங்காலுக்கு நடுவில் தலையணை செருகினார்கள். வேறு பேச்சு இல்லை. முடிந்ததும் இருவரும் வெளியே போய், வாசலில் கையும் காலும் கழுவினார்கள். கூட்டமும் கலைய ஆரம்பித்தது, ஒரு வார்த்தை சொல்லாமல்.

கட்டிலில் படுத்திருந்தவளுக்கு அந்த அமைதி என்னவென்று சட்டென்று பிடிபட்டது. சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் போயிட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டார்கள். காலைக் கழுவிக்கொண்டு சொல்லாமல் போய்விடுவார்கள். தட்டு கேட்டு வந்தவர்கள், தட்டுக்கான முறைப்படியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நில்லுங்க!" என்று கத்தினாள். அத்தனை சத்தம் அந்த நெஞ்சிலிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. "சொல்லிட்டுப் போங்க! நான் உசுரோட இருக்கேன். சொல்லாமப் போறதுக்கு இது என்ன எழவு வீடா?"

வெளியே காலடிகள் நின்றன. யாரோ இருமினார்கள். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மறுபடி தட்ட வெக்காதீங்க. சொல்லிட்டுப் போங்க!"

பாப்பம்மாள்தான் கதவருகே திரும்பி வந்தாள். நீலப்பூ கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. அதில் கருணையும் இல்லை, மன்னிப்பும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"வர்றேன்டி" என்றாள். "மஸ்டருக்கு முந்தி வர்றேன். மத்தியானம் கனகமணி வருவா. போதுமா?"

"சாயந்திரம்?"

பாப்பம்மாள் திரும்பி வெளியே பார்த்தாள். "சாயந்திரம் யாருடி?" என்று லைனைப் பார்த்துக் கத்தினாள். கூட்டத்தில் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பிறகு மேட்டு வீட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல், "நான் வர்றேனுங்க" என்றது.

செல்லக்கண்ணுவின் கோபம் அன்றைக்கும் தணியவில்லை, அம்மா திரும்பி வந்த பிறகும் தணியவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு, அவர்கள் கட்டிலோரம் நகர்த்தி வைத்திருந்த சொம்பை எட்டி எடுத்து, காலையிலிருந்து குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரை முழுவதும் குடித்தாள்.